ஓசை அடைத்த வீடு

தங்கப்பாண்டியின் வீட்டில் குக்கர் விசில் அடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சோறு பானையில்தான் வடிந்தது. கதவின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். கடற்காற்று அறைந்தாலும் அது மெத்தென்று வந்து சாத்திக்கொள்ளும். பாத்திரங்கள் மடித்த சாக்கின்மேல் கவிழ்ந்திருந்தன. அழைப்பு மணியின் ஒயரை அவரே வெட்டிவிட்டதால், வருகிறவர்கள் சன்னலோரம் நின்று தணிந்த குரலில் கூப்பிடுவார்கள். வீட்டிலிருந்த இரண்டு கைப்பேசிகளும் எந்நேரமும் ஒலி அடக்கப்பட்டே கிடந்தன. திருவொற்றியூர்க் குப்பத்தின் அந்தச் சந்தில் அதற்கு ‘ஊமை வூடு’ என்று பெயர். வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. அவருக்கும் அதில் வருத்தமில்லை.

வீட்டுக்கு வெளியே அவருடைய பிழைப்பு முழுக்க இரைச்சலோடுதான். காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகு இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக் அவர். வேலை முடிந்ததும் இஞ்சினை ‘ஸ்லோ’வில் விடுவார், படகு கட்டியபடியே நிற்க, இஞ்சின் மட்டும் தன்பாட்டுக்கு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் குந்திக்கொண்டு அதைக் கேட்பார். படபடவென்று அடித்தால் உள்ளே ஏதோ நோய். தாளம் தப்பாமல், நிதானமாக, இடைவெளி விட்டு அடித்தால் சுகம். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். துறைமுகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

வீட்டை அவர் அப்படி அடைத்து வைத்திருந்தது மகள் ஜெயஸ்ரீக்காக. எதிர்பாராத பெரிய சத்தம் ஒன்று காதில் விழுந்தால் அவளுடைய இதயம் நின்றுவிடக்கூடும்.

அவளைப் பெற்ற முத்தம்மா அப்படித்தான் போனாள். ஜெயஸ்ரீ பால்குடி மறக்காத குழந்தை. விடிவதற்குமுன் துறைமுகம் போகவேண்டுமென்று தங்கப்பாண்டி வைத்திருந்த அலாரம் அடித்தது. முத்தம்மா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் சிலர். மாரடைப்பு என்றார்கள் சிலர். அலாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அது பேசவேண்டிய விஷயம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. வளர்ந்தபின், பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போது ஜெயஸ்ரீ மயங்கி விழ ஆரம்பித்தாள். வலிப்பு என்று நெடுங்காலம் மாத்திரை கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு படித்த வருடம்தான், அரசு மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் இ.சி.ஜி. தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது வலிப்பு இல்லைங்க” என்றார்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன்னைச் சேகரித்துக்கொள்ள வேண்டும். ஜெயஸ்ரீயின் இதயம் அதற்கு அளவுக்குமீறி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் ஓர் அதிர்ச்சி வந்து விழுந்தால் துடிப்பு சிதறிப்போகும். தாய்வழியாக வந்த பிறவிக் குறை. மாத்திரை ஓரளவு காக்கும். முழுக்கக் காப்பது மார்புத் தோலுக்கடியில் வைக்கும் ஒரு சின்னக் கருவி. இதயம் சிதறினால் அது ஓர் உதை கொடுத்துத் தாளத்துக்குக் கொண்டுவரும். காத்திருப்பவர்கள் பலர், முறை வரும்போது சொல்வோம் என்றார்கள்.

தீபாவளிதான் பெரிய கண்டம். வெடி வெடிக்காத இடம் என்று நிலத்தில் ஓரிடம் இல்லை என்பதால், அன்று விடிவதற்குமுன் மகளைப் படகில் ஏற்றிக் கரை தெரியாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடுவார். பெண் காலை வைத்தால் படகுக்கு ஆகாது என்பது அங்கே இன்றும் பலர் விடாமல் பிடித்திருக்கும் வழக்கம். முதல் வருடம் படகு முதலாளி ரெஜியிடம் கேட்பதற்கே அவருக்கு நாக்கு எழவில்லை. கன்னியாகுமரியிலிருந்து வந்து காசிமேட்டில் நிலைத்துவிட்ட ரெஜி, கேட்டதும் சிரித்துவிட்டான்.

“நடுக்கடல்ல இஞ்சின் நின்னா நாங்க உம்ம பேரத்தாம்ணே சொல்லிக் கும்பிடுவோம். சாமி பிள்ள ஏறினா படகுக்கு என்ன வந்திரும்? ஏத்தும்.”

இஞ்சின் இரைச்சல் ஜெயஸ்ரீயை ஒன்றும் செய்வதில்லை. அது ஓயாமல் இருப்பது, திடுக்கிட வைப்பதில்லை. கடலில் அவள் பாடுவாள், கத்துவாள், தகரத்தைத் தட்டுவாள். கரையில் செய்ய முடியாத சத்தத்தையெல்லாம் அங்கே செய்துவிட்டு வருவாள். “எனக்கு மட்டும்தான்பா தீபாவளிக்கு கப்பல்ல டூரு” என்பாள்.

இந்த வருடம் அதற்கும் தேவை இருக்காது என்று தோன்றியது. ஐப்பசி பிறந்ததும் கருவி வைப்பதாகத் தேதி கொடுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு முன்பே அறுவை முடிந்துவிடும்.

கௌசர் அந்த வீட்டுக்கு வந்தது அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகள். நகரத்தின் தென்கோடியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இதயச் செல்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஜெயஸ்ரீயின் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்துப்போய், அதிலுள்ள செல்களை மாற்றி வளர்த்து, கண்ணாடித் தட்டில் துடிக்கும் இதயச் செல்களாக ஆக்கப்போவதாகச் சொன்னாள்.

“நைனா, மொதல்லயே சொல்லிடறேன். இது வைத்தியம் இல்ல, ஆராய்ச்சி. இத்தால ஜெயஸ்ரீக்கு இன்னிக்கி ஒரு பிரயோஜனமும் கெடையாது.”

“டாக்டரும் அதான்மா சொன்னாரு.”

“அப்புறம் ஏன் சரின்ற?”

“கேக்கறது ரத்தம்தானே. கொசுவுக்கு டெய்லி குடுத்துகினுதான் கீறோம், உனுக்குக் குடுத்தா இன்னா?”

ஜெயஸ்ரீ கையை நீட்டியபடியே கேட்டாள்: “அக்கா, நீ செய்யப்போற இதயம் சத்தம் கேட்டா பயப்படுமா?”

“அதுக்கு ஏது காது?”

“குடுத்துவச்ச இதயம்!”

மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பும் அப்படித்தான்.

போகும்போது தங்கப்பாண்டி ஒன்றே ஒன்று கேட்டார். அது துடிக்க ஆரம்பித்தால் தமக்கு ஒருமுறை காட்ட வேண்டும். உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. கௌசர் ஒப்புக்கொண்டாள், சொன்னதை மறக்கவும் இல்லை. புரட்டாசியின் ஒரு மதிய வேளையில் அவருடைய கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்து சேர்ந்தது.

ஜெயஸ்ரீ மாத்திரையின் அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு படலம். அது முழுதும் சேர்ந்தாற்போல் சுருங்கி விரிந்தது, சுருங்கி விரிந்தது. வேகமான துடிப்பு. ஜெயஸ்ரீ மயங்குமுன் ‘படபடங்குதுப்பா’ என்று மார்பைப் பிடித்துக்கொள்வாளே, அதுதான் இது என்று அவருக்குப் பட்டது. பிறகு திரையின் ஓரத்திலிருந்து ஒரு கண்ணாடி முனை வந்து ஏதோ ஒரு நீரைச் சொட்டிவிட்டு விலகியது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. அதில் அவருக்குப் படிக்க முடிந்தது ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான்: ஈ-4031.

சிறிது நேரத்தில் துடிப்பு தணிந்தது. இடைவெளி கூடியது. சுருங்கி... நின்று... விரிந்து... மீண்டும் சுருங்கியது. தாளம் தப்பவில்லை. நிதானமாக, ஆழமாக, அப்போதுதான் டீசல் தெளிக்கும் நாசிலை மாற்றி டைமிங் சரிசெய்த இஞ்சின் ஸ்லோவில் நிற்பதுபோல நின்றது. அத்தோடு காணொளி முடிந்தது.

அவர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பல வருடமாக ஒலி அடக்கியே வைத்திருந்த கைப்பேசியில் ஓடும் காணொளிக்கு ஒலி என்று ஒன்று உண்டு என்பதே அவர் நினைப்பில் இல்லை. அந்த வீட்டில் சினிமாவும் செய்தியும் கல்யாண வீடியோவும் ஓசையில்லாமல்தான் ஓடும். வாழ்நாளெல்லாம் காதால் கேட்டே முடிவுசெய்து பழகிய மனிதர், அன்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்தார்: மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். கௌசர் ஆராய்ச்சி என்று அடக்கமாகச் சொன்னாள்; நல்ல பிள்ளை, முடிவு தெரியாமல் ஆசை காட்ட விரும்பவில்லை; இப்போது முடிவு தெரிந்ததும் அனுப்பியிருக்கிறாள்.

ஆங்கில வரியை ஜெயஸ்ரீயிடம் காட்டியிருக்கலாம். பி.காம். கடைசி வருடம் படிக்கிற பெண், ஒரு மூச்சில் படித்துச் சொல்லியிருப்பாள். ஆனால் நல்லதை வாயால் சொன்னால் கண்பட்டுவிடும் என்ற பயம் அவருக்குண்டு. முத்தம்மா போனபிறகு அவர் எந்த நல்லதையும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

அறுவைத் தேதி நெருங்க நெருங்க ஜெயஸ்ரீ சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். தோள் எலும்புக்குக் கீழே விழப்போகும் தழும்பைக் கண்ணாடியில் விரலால் அளந்து பார்த்தாள். “உள்ள பொட்டி இருந்தா, கட்டிக்கப் போறவன் என்னிய பொண்ணுன்னுவானா, ரோபோன்னுவானா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், கண் சிரிக்கவில்லை. அதைத் தாங்காமல் அவர் சொல்லிவிட்டார்.

“பொட்டிலாம் வேணாம் வுடு. வேற மருந்து வந்துகினு கீது.”

“யார் சொன்னா?”

“கௌசரு. நீ அதப் போயி நச்சரிக்காத. நான் பேசிக்கறேன்.”

அவள் எழுந்து வந்து அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைக்கே கௌசருக்கு ‘ரொம்ப தேங்க்ஸ் அக்கா’ என்று ஒரு செய்தியும் அனுப்பினாள். காணொளிக்குத்தான் நன்றி சொல்கிறாள் என்று நினைத்த கௌசர், பதிலுக்கு ஒரு சிவப்பு இதயப் படத்தை அனுப்பிவைத்தாள். அதற்குமேல் அப்பாவும் மகளும் எதைச் சந்தேகப்படுவது?

மருத்துவமனைக்குப் போய், இப்போதைக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். “இப்போ வுட்டீன்னா வரிசைல பின்னால போய்டுவப்பா, நல்லா ரோசனை பண்ணு” என்றார் அங்கிருந்த செவிலியர். “பரவால்லம்மா, பின்னால கீறவங்களுக்குக் குடுங்க” என்று அவர் பெருந்தன்மையாகப் பதில் சொன்னார். வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடம் போயிற்று.

அதன்பின் சில நாள் அந்த வீட்டில் இருந்த மகிழ்ச்சியைச் சந்தே பார்த்தது. ஜெயஸ்ரீ மருதாணி வைத்துக்கொண்டாள். அவர் துறைமுகத்தில் சும்மாவே சிரித்தார். “இன்னா மாமு, லாட்டரி அட்ச்சிதா?” என்று வலை பின்னுகிறவர்கள் சீண்டினார்கள். மருந்து எப்போது கைக்கு வரும் என்று மட்டும் கேட்டுவிட்டு வரலாமென்று, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விம்கோ நகரில் மெட்ரோ ஏறித் தென்சென்னைக்குப் போனார்.

ஆராய்ச்சி நிலையத்தில் செருப்பைக் கழற்றி, தலைக்கு ஒரு நீலக் குல்லாய் மாட்டி உள்ளே அழைத்துப்போனாள் கௌசர். அவர் கேட்ட கேள்வி அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“எந்த மருந்து நைனா?”

“அதாம்மா, நீ ஊத்தினியே. ஈ நாப்பது முப்பத்தொண்ணு. ஊத்தினதும் ஜெயஸ்ரீக்கு அப்டியே செட்டாயி நின்னுச்சே. இன்னா சுகமா ஓட்சி! நான் எத்தினி இஞ்சின் பாத்துகீறேன்.”

கௌசரின் முகம் வெளுத்தது. “நைனா, வீடியோல நான் பேசினது கேக்கலியா?”

“பேசினியா?”

அவள் அவரைக் கையைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். தன் கைப்பேசியை எடுத்து, ஒலியைக் கூட்டி, அதே காணொளியை ஓடவிட்டாள். அவளுடைய குரல் அதிலிருந்து தெளிவாக, உற்சாகமாக வந்தது: ‘நைனா, இது ஜெயஸ்ரீயோட செல்லு இல்ல, அது இன்னும் வளந்துகினு கீது. நோய் இல்லாத ஒருத்தரோடது. எவ்ளோ சுறுசுறுப்பா அடிக்குது பாத்தியா? இப்போ நான் ஊத்தறது இத்த நோய்ல தள்றதுக்கு...’

அவர் கையை உயர்த்தினார். அவள் நிறுத்தினாள்.

“பொட்டாசியம்னு ஒரு உப்பு நைனா. ஒவ்வொரு துடிப்பு முடிஞ்சதும் அது செல்லுலேந்து வெளிய போகணும். போனாதான் அடுத்த துடிப்புக்கு ரெடியாவும். அது போற வாசல இந்த மருந்து அடைச்சிடும். அதுக்குன்னே செஞ்சது. ஜெயஸ்ரீக்கு அந்த வாசல் பொறவிலேந்தே சரியாத் தொறக்காது. நல்ல செல்லுல இத்த ஊத்தினா அதுவும் ஜெயஸ்ரீ செல்லு மாதிரியே ஆய்டும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கத்தான் ஊத்தறோம்.”

“மெதுவா ஆச்சே. நல்லா நின்னுச்சே.”

“நல்லா நிக்கல நைனா. வாசல் அடைபட்டுத் திணறுது. வீடியோ அத்தோட நின்னுபோச்சு. அதுக்கப்புறம் இன்னா ஆவும்னு பாக்கறியா?”

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். இது காலையிலேயே மருந்து ஊற்றிய தட்டு. நிதானமாகச் சுருங்கிய படலம், விரியும் பாதியில் திடீரென்று துள்ளியது, மறுபடி துள்ளியது, ஒரு மூலை ஒரு பக்கம், இன்னொரு மூலை வேறு பக்கம் என்று நடுங்கியது. அவர் கண்ணை எடுத்துவிட்டார். அதை அவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

“இது இனிமே செத்துடுமா?”

“இல்ல. மருந்த கழுவி வுட்டா கொஞ்ச நேரத்துல பழையபடி நல்லா ஆய்டும்.”

அவர் நிமிர்ந்தார். அவர் கேட்கப்போவது தெரிந்து கௌசர் முந்திக்கொண்டாள். “இதுல நாங்க ஊத்தினத கழுவறோம். ஜெயஸ்ரீக்குக் கழுவறதுக்கு ஒண்ணும் இல்ல நைனா.”

“அடைக்கறதுக்கு ஒரு மருந்து செஞ்சுகீறீங்களே. தொறக்கறதுக்கு ஒண்ணு செய்ய மாட்டீங்களா?”

“தேடிகினுதான் கீறாங்க, ஒலகம் பூரா. நான் கெழவியாறதுக்குள்ள வந்தா பெரிசு.” பிறகு, தயங்கித் தயங்கி அவள் கேட்டாள்: “அதுக்கென்ன நைனா, அடுத்த வாரம் பொட்டி வச்சிடறாங்களே?”

தேதியை வேண்டாமென்றுவிட்டதை அவர் சொல்லக் கேட்டு அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே இருவரும் மருத்துவமனைக்கு ஓடினார்கள். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை; கடிந்திருந்தால் தங்கப்பாண்டிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். புதுத் தேதி தீபாவளி கழிந்து, கார்த்திகையில்தான் கிடைத்தது. வந்திருந்த கருவிகள் எல்லாம் ஆட்களுக்கு ஒதுக்கியாயிற்று. எந்தப் பிள்ளையிடமிருந்து எடுத்து உங்கள் பிள்ளைக்கு வைப்பது என்று மருத்துவர் திருப்பிக் கேட்டார்.

ஜெயஸ்ரீயிடம் அவரேதான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். குரலை உயர்த்தவில்லை, அந்த வீட்டில் வளர்ந்த பெண் கோபத்தையும் தணிந்த குரலில்தான் படவேண்டும்.

“என்னாண்ட ஒரு தபா காமிச்சிருந்தா இன்னா?”

“கண்ணு பட்டுடும்னு...”

“யார் கண்ணுப்பா? என் கண்ணா? நான் வெளிய இட்டுகினு போயி சவுண்டு வச்சி கேட்டிருப்பேன். கீழ எழுதிகீறத படிச்சிருப்பேன். எனக்குன்னு நீயே பயப்படற, நீயே சந்தோசப்படற. நான் எதுக்கு இங்க? சும்மா உசுர வச்சிகினு உக்காரதுக்கா?”

அதன்பின் அவள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், மாத்திரையை அவர் கண்முன் விழுங்கினாள், புத்தகத்தை விரித்துக்கொண்டாள். ‘ஊமை வூடு’ என்ற பெயருக்கு அப்போதுதான் அந்த வீடு முழுக்கப் பொருந்தியது.

கடலிருக்கிறதே என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். அந்த நம்பிக்கையையும் தீபாவளிக்கு முந்தைய நாள் வானிலை அறிக்கை பறித்துக்கொண்டது. வங்கக் கடலில் புயல். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டது. எந்தப் படகும் கடலுக்குப் போகக்கூடாது. ரெஜி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “எனக்கு ஒரு படகு போனாப் போகட்டும்ணே. ஆனா அந்த அலையில பிள்ளய ஏத்திட்டுப் போயி நாம என்ன செய்ய?” புயலோ ஆந்திரத்துப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மழையாவது பெய்து சரவெடிகளை நனைத்திருக்கலாம். கரையில் ஒரு தூறல் இல்லை.

மருத்துவமனையில் ஒருநாள் படுக்கவைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். தரையில்கூட இடம் இல்லை, அந்தத் தெருவிலும் வெடிக்காமல் இருக்கப்போவதில்லை. கடைசியில் சந்தில் வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். சந்து அவரைக் கைவிடவில்லை. ஆண்டு முழுதும் குடிதண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள், ஒரு வீடு மிச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். “நம்ம ஜெயஸ்ரீ மாமு அது. மத்தாப்பு கொளுத்திகினா ஆச்சு. எவனாச்சும் வெடிச்சான்னா வெட்டிடுவேன்” என்றான் ஒருவன். பக்கத்துச் சந்துகளுக்கும் அவர்களே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

தீபாவளியன்று விடியலில் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து வெடிச்சத்தம் அலை அலையாக, தொலைவில் உருண்டுகொண்டிருந்தது. ஜெயஸ்ரீ உள்ளறையில், சன்னலுக்குப் பாயும் மெத்தையும் சார்த்தி, காதில் பஞ்சு வைத்து, துறைமுகத் தொழிலாளி ஒருவர் கொடுத்த காது மூடியையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கப்பாண்டி எதிரில் அமர்ந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறியது. தொலைவுச் சத்தமும் ஓய்ந்தது. சந்து ஒரு தீபாவளியிலும் இல்லாத அமைதியில் கிடந்தது. காக்கை கரைவது கேட்டது. அவள் காது மூடியைக் கழற்றினாள். பஞ்சையும் எடுத்துவிட்டாள்.

“புழுங்குதுப்பா,” என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை. “கறிக்கொழம்பு யார் வூட்லயாச்சும் குடுத்தாங்களா? பசிக்குது.”

“எதிர் வூட்ல வச்சிகீறாங்க. இரு, எடுத்தாறேன்.”

அவர் தட்டோடு திரும்பி வருகையில் சந்து முனையில் ஓர் அணுகுண்டு வெடித்தது.

முனைவீட்டுப் பெண்ணுக்கு அது தலை தீபாவளி. புது மருமகன் அப்போதுதான் மீஞ்சூரிலிருந்து வந்து இறங்கியிருந்தான். மாமனார் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வெடிக்கும் முதல் வெடி பெரிதாக இருக்கவேண்டும் என்று கையோடு வாங்கி வந்திருந்தான். காலை முழுதும் ஓயாமல் வெடித்திருந்தால் அதுவும் ஒன்றாகக் கலந்து போயிருக்கும். ஒரு சந்து முழுதும் பிள்ளைகளை அடக்கி, மூச்சைப் பிடித்துக் காத்துவைத்த அமைதியின் நடுவே அது தனியாக விழுந்தது.

ஜெயஸ்ரீ நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். ‘படப...’ என்று ஆரம்பித்து, அவர் கைக்கு எட்டுவதற்குள் விழுந்தாள். அவர் கௌசர் சொல்லிக் கொடுத்திருந்தபடி மார்பின் நடுவில் இரு கையையும் வைத்து அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார், ஓடிவந்தவர்கள் அவரை விலக்கி ஆட்டோவில் தூக்கிப்போட்ட பிறகும் மடியில் வைத்து அழுத்தினார். மருத்துவமனையில் அவருடைய கையை எடுத்துவிட்டவர்கள், இனி வேண்டாம் என்றார்கள்.

பிற்பகலில் முனைவீட்டுக்காரர் மருமகனைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தார். “கால்ல வுழுடா!” என்றார். புதுவேட்டி கட்டியிருந்த அந்த இளைஞன் குனிந்தான். சந்து ஆட்கள் எழுந்தார்கள். தங்கப்பாண்டி கையமர்த்தினார்.

“உனுக்குத் தெரியாது,” என்றார்.

“தெரியாது மாமா. சத்தியமா யாரும்...”

அவர் அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு, “போப்பா. பொண்ணு தனியா நின்னு அழுவுது, இட்டுகினு போ” என்றார். அவனை அடிக்க அவருக்குக் கை வரவில்லை. தெரியாமல் செய்கிறவன் எப்படிச் செய்வான் என்பதை அவரைவிட யார் அறிவார்?

உறவுகளுக்கெல்லாம் யார் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கௌசருக்குத் தாமே சொல்லவேண்டும் என்று அவர் சந்தின் கோடிக்குப் போய், கடலைப் பார்த்து நின்று எண்ணை அழுத்தினார். உடனே எடுத்தாள். பின்னால் அவளுடைய வீட்டுப் பிள்ளைகளின் கூச்சலும் தட்டுகள் இடிபடும் ஓசையும் கேட்டன.

“நைனா! உனுக்குத்தான் போடணும்னு இருந்தேன். இன்னா, கடலுக்கு வுட்டாங்களா இந்தத் தபா? ஜெயஸ்ரீ பேசிச்சா, இன்னும் மூஞ்சிய தூக்கி வச்சிகினுதான் கீதா? பக்கத்துல கீதுன்னா குடு நைனா, நான் பேசி சரிபண்றேன். நைனா? சவுண்டு வரல, நைனா... ஹலோ?”